புரட்டாசிச் சனியில் நான் உள்ளான் ஆன கதை

பிள்ளைகளே, “தெரியாது” என்பது மிகச் சின்னச் சொல். சொல்லி முடிக்க ஒரு வினாடிகூடப் பிடிக்காது. ஆனால் அப்பாமாருக்கு அந்தச் சொல் லேசில் வாயில் வராது. பிள்ளை ஏதாவது கேட்டால் உடனே நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, எதையாவது அடித்துவிடுவார்கள். (உங்கள் வீட்டு அப்பாவும் அப்படித்தான். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்.) நான் அந்தச் சின்னச் சொல்லைச் சொல்லாமல் விட்டதால் இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோக் கடற்கரையில், என் மகளின் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேருக்கு முன்னால், குனிந்து நின்று பின்பக்கத்தை ஆட்டும்படி ஆனது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

நான்கு வருடத்துக்கு முந்தைய கதை. மகள் யாழினிக்கு அப்போது பத்து வயது. அவளுடைய வகுப்பில் பறவைகளைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாட்டை எடுத்து அந்த நாட்டுப் பறவைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று மாயெஸ்த்ரா சொல்லிவிட்டார். (மாயெஸ்த்ரா என்றால் இங்கே ரீச்சர்.) யாழினி இலங்கையை எடுத்தாள். அதிலும் கடற்கரைப் பறவைகள். யானை, மயில் என்று சுலபமாக எதையாவது எடுத்திருக்கலாம். ஆனால் அவள் அப்பா மன்னார்க் கடலோரம் பிறந்தவர் அல்லவா? வீட்டிலேயே ஒரு நிபுணர் இருக்கும்போது என்ன பயம்?

ஒரு பின்னேரம் நிபுணர் சாய்ந்திருந்து தேத்தண்ணி குடிக்கும்போது கேள்வி வந்தது.

“அப்பா, எங்கடை நாட்டுக் கடற்கரையிலை என்னென்ன பறவை இருக்கு?”

“உள்ளான்,” என்றேன்.

எழுதினாள். “வேற?”

“பெரிய உள்ளான்.”

அதையும் எழுதினாள். “வேற?”

“சின்ன உள்ளான்.”

குசினிக்குள் இருந்து என் மனைவி பவானி சிரிக்கும் சத்தம் கேட்டது. “நடு உள்ளானையும் சொல்லிவிடுங்கோ, பிள்ளை பாவம்.”

பிள்ளைகளே, உண்மையைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் நீண்ட கால், நீண்ட சொண்டோடு கரையில் ஓடித் திரிகிற எல்லாவற்றுக்கும் உள்ளான் என்றுதான் பெயர். அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. தனிப்பெயர் தெரிந்த ஒரே பறவை ஆட்காட்டி. அது மனிதனைக் கண்டவுடன் ஊருக்கே கேட்கும்படி கத்தித் தானே தன் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிடும்.

யாழினி பிறகு ரப்லெற்றில் படங்களைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். நான் ஒவ்வொன்றுக்கும் “உள்ளான்” என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பத்தாவது படத்தில் ஒரு சின்னப் பறவை. முதுகு மண்ணிறம், வயிறு வெள்ளை. படம் அல்ல, வீடியோ. ஒரு பாறையில் நின்று வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தது. நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

“இவரை எனக்குத் தெரியும்! எங்கடை ரெஸ்டோரண்டுக் குசினிக்குப் பின்னாலை நிக்கிறவர்.”

இது பொய்யில்லை. நான் வேலை செய்வது பலேர்மோவின் ஓரத்திலிருக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடலை ஒட்டியிருக்கும் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில். மீன் கழுவுவது, வெட்டுவது, சட்டி தேய்ப்பது என் வேலை. பின்கதவைத் திறந்தால் பாறை, அதற்கு அப்பால் கடல். புரட்டாசி பிறந்தால் அந்தப் பாறையில் ஒரு சின்னப் பறவை வந்து நின்று வாலை ஆட்டும். நான் சிகரெட்டை விட்ட பிறகு ஓய்வு நேரத்தில் பார்ப்பதற்கு எனக்கு அதுதான் இருந்தது.

“இது மன்னாருக்கும் வாறதுதான் அப்பா! இஞ்சை எழுதியிருக்கு. குளிர்காலத்துக்கு இலங்கைக்கு வருமாம்.”

“ஓமோம். அதே குருவிதான். இஞ்சை கொஞ்சம் களைப்பாறிப்போட்டு அங்கை போகும்.”

பார்த்தீர்களா? “எனக்குத் தெரியாது” என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லவில்லை.

அடுத்த நாள் யாழினி வகுப்பில் சொல்லிவிட்டாள். “இலங்கைக்குப் போற பறவை ஸ்ஃபெர்ராகவால்லோவிலை நிக்குது. என்ரை அப்பா ஒவ்வொரு நாளும் பாக்கிறவர். அவர் ஒரு நிபுணர்.” (இத்தாலியனில்தான் சொன்னாள். இந்தக் கதையில் இத்தாலிக்காரர் எல்லாரும் எங்கள் தமிழில்தான் பேசுவார்கள். எனக்கு எழுத வருவது அதுதான்.)

வகுப்பில் ஜூலியா என்று ஒரு பிள்ளை. எதையும் கண்ணால் கண்டால்தான் நம்புவாள். “ஸ்ஃபெர்ராகவால்லோவிலை என்ரை மாமா இருக்கிறார். அங்கை பூனையும் கடற்காகமும்தான் இருக்கு. உன்ரை அப்பா கதை விடுறார்,” என்றாளாம்.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். யாழினி வீட்டில் வாயாடி. ஆனால் வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் குரல் உள்ளே போய்விடும். வாசிக்கும்போது தாளை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வாள். மாயெஸ்த்ராவுக்கு முகம் தெரியாது, தாள்தான் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளை ஜூலியாவுக்கு நேரே நின்று, “அப்ப வந்து பார்,” என்று சொல்லியிருக்கிறாள். மாயெஸ்த்ராவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை வகுப்பு முழுவதும் ஸ்ஃபெர்ராகவால்லோ போவது, பறவையைப் பார்ப்பது, பறவையைக் காட்டியபடி யாழினி அங்கேயே பேசுவது என்று முடிவாகிவிட்டது. அம்மாமாரும் வரலாம். பறவைகளைப் பற்றித் தெரிந்த சின்யோர் (ஐயா) நீனோ என்ற பெரியவர் தன் தொலைநோக்கியோடு வருவார்.

பள்ளிக்கூட வாசலில் மாயெஸ்த்ரா என்னைப் பிடித்துக் கேட்டார். “சின்யோர் சிவா, அந்தப் பறவை நிச்சயமாய் நிக்குமோ?”

“சிகூரோ,” என்றேன். நிச்சயம் என்று அர்த்தம். பறவையிடம் கேட்காமலே.

இரண்டு கிழமை யாழினி பேச்சைப் பாடமாக்கினாள். குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று, அதையே ஜூலியாவாக நினைத்துப் பேசினாள். “இலங்கைக் கடற்கரையில் இரண்டு விதமான பறவைகள் உண்டு. அங்கேயே இருப்பவை, தூரத்திலிருந்து வருபவை...” குளிர்சாதனப் பெட்டி ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பெரிதானது.

இனிமேல்தான் சனி பகவான் கதைக்குள் வருகிறார்.

அந்த வருடம் எனக்கு ஏழரைச் சனி. சனி பகவான் ஒருவருடைய ராசிக்கு வந்தால் ஏழரை வருடம் இருந்துவிட்டுத்தான் போவார் என்பது கணக்கு. விருந்தாளி மாதிரிதான், ஆனால் விருந்தாளியின் உடுப்பையும் நாம்தான் தோய்க்க வேண்டும். ஆகவே புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நான் விரதம் இருக்க வேண்டும் என்பது பவானியின் கட்டளை. காலையில் எள்ளெண்ணெய் விளக்கு. பிறகு சோறு சமைத்து, எள்ளுச் சேர்த்து, முதலில் காகத்துக்கு வைக்க வேண்டும். காகம் சனி பகவானின் வாகனம். அது வாய் வைத்த பிறகுதான் நான் வாய் வைக்கலாம்.

ஊரில் இது ஒரு பிரச்சினையே இல்லை. “கா” என்று ஒரு தரம் கூப்பிட்டால் பத்துக் காகம் வரும். நாங்கள் இருக்கும் கபோவில் மூன்றாம் மாடி பால்கனியில் நின்று “கா கா” என்று கூப்பிட்டால் கீழே சந்தையில் தக்காளி விற்பவர் மேலே பார்ப்பார். பிறகு புறாக்கள் வரும். புறா சாப்பிட்டால் கணக்கில் சேருமா சேராதா என்று எனக்கும் பவானிக்கும் பல வருடமாக வழக்கு. ஆனால் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு காகம் இருந்தது. தலையும் சிறகும் கறுப்பு, உடம்பு சாம்பல். அரைக் காகம் என்றாலும் காகம்தான். ரெஸ்டோரண்டுக்குப் பக்கத்து விளக்குக் கம்பத்தில் வந்து இருக்கும்.

குறிப்பிட்ட அந்தச் சனிக்கிழமையும் புரட்டாசிச் சனிக்கிழமை. நான் மகிழ்ந்து போனேன். பறவை பார்த்ததும் ஆச்சு, காகத்துக்கு வைத்ததும் ஆச்சு. பவானி ஈயத்தாளில் எள்ளுச்சோற்றுப் பொட்டலம் கட்டித் தந்தாள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. அவளுக்கு அன்று வேலை. ஒரு வயதான சின்யோராவைப் பார்த்துக்கொள்பவள்.

“இஞ்சேருங்கோ, காகம் சாப்பிடாமல் வாயிலை ஒண்டும் வைக்கக் கூடாது. விளங்கிச்சோ?”

“ஓமப்பா.”

“அங்கை பிள்ளையின்ரை அலுவல் முடியட்டும். பிறகு காகத்தைப் பாருங்கோ.”

“ஓமப்பா, எனக்குத் தெரியாதே?”

பஸ்ஸில் யாழினி எனக்குப் பக்கத்தில் இருந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். தாளைக் கொண்டுவரவில்லை. பாடம் என்றாள்.

கடற்கரைக்குப் போனோம். பிள்ளைகள், அம்மாமார், மாயெஸ்த்ரா, தொப்பியும் தொலைநோக்கியுமாகச் சின்யோர் நீனோ. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாறையைப் பார்த்தேன். பிள்ளைகளே, பறவை நின்றது! எனக்காகவே ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்ததுபோல, பாறை நுனியில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

“பிரோ பிரோ!” என்று சின்யோர் நீனோ மெல்லக் கூவினார். அதற்கு இத்தாலியனில் அதுதான் பெயர். என் தோளில் தட்டி, “பிராவோ, சின்யோர் சிவா,” என்றார்.

யாழினி ஜூலியாவைப் பார்த்தாள். ஜூலியா தன் சப்பாத்தைப் பார்த்தாள். எனக்கு ஒரு சாண் வளர்ந்ததுபோல இருந்தது. அந்த வளர்ச்சியில் சும்மா இருக்க முடியாமல், “இது இன்னும் கொஞ்ச நாளிலை மன்னாருக்குப் போயிடும்,” என்று சின்யோர் நீனோவுக்கே அறிவித்தேன்.

அவர் நல்ல மனிதர். என் காதுக்குள் மட்டும் சொன்னார். “இது ஆபிரிக்காவுக்குப் போறது. உங்கடை மன்னாருக்குப் போறவை ரஷ்யாப் பக்கத்தாலை வேற வழியிலை போறவை. ஒரே இனம். பாதை வேற.”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தனான்,” என்றேன்.

தொலைநோக்கியைப் பூட்டிச் சரிசெய்யக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார் அவர். அதுவரைக்கும் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்து சாப்பிடட்டும், பிறகு வரிசையாகப் பறவையைப் பார்ப்போம், பிறகு யாழினி பேசுவாள் என்றார் மாயெஸ்த்ரா. உடனே பைகள் திறந்தன. அரன்சீனா! பலேர்மோவில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சோற்றை உருட்டி, உள்ளே இறைச்சியோ சீஸோ வைத்து, பொரித்து எடுத்த உருண்டை. அந்த வாசனை காற்றில் வந்து என் விரத வயிற்றை ஒரு பிடி பிடித்தது.

ஜூலியாவின் அம்மா ஒன்றை நீட்டினார். “சாப்பிடுங்கோ.”

“வேண்டாம், நன்றி.”

“ஏன், சுகமில்லையோ?”

“சுகம்தான்.”

“அப்ப சாப்பிடுங்கோ.”

ஒரு சிசிலி அம்மாவிடம் “வேண்டாம்” என்று சொல்லி வெல்வது சனி பகவானாலும் முடியாது. மூன்று அம்மாமார், ஐந்து தரம் கேட்டார்கள். ஐந்தாவது தரம் என் கண் இருண்டது. அப்போதுதான் விளக்குக் கம்பத்தில் அரைக் காகம் வந்து இருந்தது.

நான் யோசித்தேன். (யோசித்தேன் என்றுதான் இத்தனை வருடமும் சொல்லி வருகிறேன்.) தொலைநோக்கி பூட்டப் பத்து நிமிடம் ஆகும். காகம் வாய் வைக்க ஒரு நிமிடம். பிறகு நானும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மகளின் பேச்சைத் தெளிந்த கண்ணோடு கேட்கலாம். பவானி சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அது காதில் இருந்தது. பசி வயிற்றில் இருந்தது.

நாற்பது அடி தள்ளி, கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்துக்குப் பின்னால் போனேன். ஈயத்தாளைப் பிரித்து ஒரு கல்லில் வைத்தேன். காலையில் சமைத்த சோறு, எள்ளு வாசம். கையைக் கூப்பிக்கொண்டு கூப்பிட்டேன்.

“கா... கா... கா...”

அரைக் காகம் தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. அசையவில்லை. இத்தாலிக் காகம், தமிழில் கூப்பிட்டால் யோசிக்கும்தானே என்று இன்னும் கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டேன்.

“கா! கா! கா!”

ஒரு கடற்காகம் வந்து வள்ளத்தில் இருந்தது. வெள்ளையாய், வாத்து அளவு, மஞ்சள் சொண்டு. நான் அதைச் “சூ” என்றேன். அது என் முகத்தை உற்றுப் பார்த்தது. அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு விளங்கியபோது காலம் கடந்துவிட்டது.

பிள்ளைகளே, நான் அந்த ரெஸ்டோரண்டில் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? மீன் தலை, குடல், முள் எல்லாவற்றையும் வாளியில் கொண்டுபோய்ப் பின்பக்கத் தொட்டியில் கொட்டுவதும் நான்தான். ஸ்ஃபெர்ராகவால்லோவின் ஒவ்வொரு கடற்காகத்துக்கும் என் முகம் பாடம். மாயெஸ்த்ராவுக்கு நான் சின்யோர் சிவா. அவற்றுக்கு நான் சாப்பாட்டு மணி. அந்த மணி இப்போது வாய் திறந்து கூப்பிட்டும் இருக்கிறது!

முதலாவது கடற்காகம் வானத்தைப் பார்த்து ஒரு கத்துக் கத்தியது. அவ்வளவுதான். கூரைகளிலிருந்து, வள்ளங்களிலிருந்து, அலைதடுப்புக் கல்லிலிருந்து எல்லாம் கிளம்பின. எத்தனை என்று எண்ணவில்லை. வெயில் மறைந்தது என்பது மட்டும் தெரியும். எள்ளுச்சோறு மூன்று வினாடியில் முடிந்தது. ஈயத்தாளுக்கும் சண்டை நடந்தது. சோறு போதாதவை சுற்றிப் பார்த்தன. நாற்பது அடிக்கு அப்பால் இருபது பிள்ளைகள், கையில் இருபது அரன்சீனா.

“பிள்ளையள், ஒளிச்சு வையுங்கோ!” என்று நான் கத்தினேன். தமிழில் கத்தினேன். யாழினியைத் தவிர ஒருவருக்கும் விளங்கவில்லை.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஒரு கடற்காகம் ஜூலியாவின் அரன்சீனாவைக் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போனது. ஒன்று சின்யோர் நீனோவின் தொப்பியைத் தூக்கி, சுவை பிடிக்காமல் கடலில் போட்டது. மாயெஸ்த்ராவின் தோளில் வெள்ளையாக ஒன்று விழுந்தது. அது என்ன என்று எழுத மாட்டேன். அம்மாமார் பைகளால் விசிறினார்கள். பிள்ளைகள் பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். இந்த அமளியில், பாறை நுனியிலிருந்து “தீ-தீ-தீ” என்று ஒரு மெல்லிய சத்தம். என் சின்னப் பறவை தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து, முனையைத் தாண்டி மறைந்துவிட்டது. தொலைநோக்கியின் கடைசித் திருகாணியை அப்போதுதான் சின்யோர் நீனோ பூட்டி முடித்திருந்தார். ஒரு பிள்ளையும் அதனூடாகப் பார்க்கவில்லை.

கடற்காகங்கள் ஒருவழியாகப் போய்விட்டன. எல்லாரும் மெல்லத் திரும்பி வள்ளத்தின் பக்கம் பார்த்தார்கள். அங்கே நான், கூப்பிய கை இன்னும் பிரியாமல், தலைமயிரில் எள்ளும் சோறுமாக நின்றேன்.

“எங்கை பறவை?” என்று கேட்டாள் ஜூலியா. குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். அதுதான் இன்னும் மோசம்.

யாழினி அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. உதட்டை உள்ளே மடித்து, கையைக் கட்டிக்கொண்டு, இல்லாத தாளுக்குப் பின்னால் முகத்தை ஒளிக்க இடம் தேடியவள்போல நின்றாள். இரண்டு கிழமைக் குரல், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த குரல், என் கண் முன்னாலேயே உள்ளே இறங்கிப் போவது தெரிந்தது. மாயெஸ்த்ரா அவளுடைய தோளைத் தொட்டு, “பரவாயில்லை அம்மா, திங்கட்கிழமை வகுப்பிலை படத்தைக் காட்டிக் கதைக்கலாம்,” என்றார்.

நான் பக்கத்தில் போனேன். “பிள்ளை, அப்பா...” என்று தொடங்கினேன்.

அவள் என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். சப்பாத்து, வயிறு, எள்ளுத் தலை. பிறகு தமிழில், சத்தமாகச் சொன்னாள்.

“பறவையைக் கலைச்சது நீங்கள்தானே? இப்ப நீங்கள்தான் பறவை. அந்தப் பாறையிலை போய் நில்லுங்கோ.”

“என்ன?”

“போங்கோ அப்பா!”

போனேன். யாழினி வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். இத்தாலியனில் தொடங்கினாள். முதல் சொல் நடுங்கியது. இரண்டாவது சொல் நடுங்கவில்லை.

“இலங்கைக் கடற்கரையில் இரண்டு விதமான பறவைகள் உண்டு. அங்கேயே இருப்பவை, தூரத்திலிருந்து வருபவை. இது பிரோ பிரோ. வருகிற பறவை. இது எப்போதும் வாலை ஆட்டும்.” என்னைப் பார்த்தாள். “அப்பா, ஆட்டுங்கோ.”

பிள்ளைகளே, நான் அப்போது நாற்பத்திரண்டு வயது மனிதன். பெல்ட் கட்டிய வயிறு. கையைப் பின்னால் மடித்து, முன்பக்கம் குனிந்து, ஆட்டினேன். இத்தனை வருடமாக ஓய்வு நேரத்தில் வேறு எதையும் பார்க்காததால் அந்த ஆட்டம் எனக்கு அத்துப்படி. மூன்று அடி ஓட்டம், ஒரு நிறுத்தம், நாலு ஆட்டு. பிறகு ஒரு சிரிப்பு வெடித்தது. கடற்காகங்கள் மறுபடியும் கிளம்பியிருக்கும், சாப்பாடு இல்லாதபடியால் விட்டுவிட்டன.

“இன்னொருக்கால்!” என்றாள் ஜூலியா.

யாழினியின் குரல் இப்போது அலைக்கு மேலே கேட்டது. “அடுத்தது கல்லுத் திருப்பி. இதுவும் வருகிற பறவை. கல்லைப் புரட்டி அடியில் இருப்பதைச் சாப்பிடும்.” நான் ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் உண்மையாகவே ஒரு நண்டு இருந்தது. நான் துள்ளியதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். “அடுத்தது வளைந்த நீளச் சொண்டுக்காரர். சேற்றுக்குள் குத்திப் புழு எடுப்பார்.” யாரோ ஒரு அம்மா குடையை நீட்டினார். அதை மூக்கில் பிடித்துக்கொண்டு குத்தினேன். “இனி அங்கேயே இருக்கிற பறவைகள். இது ஆட்காட்டி. ஆளைக் கண்டால் காட்டிக் கொடுக்கும்.” நான் மாயெஸ்த்ராவைப் பார்த்துக் கத்திக்கொண்டே சுற்றி ஓடினேன். சின்யோர் நீனோ கண்ணீரைத் துடைத்தபடி, “சரியாய்ச் செய்யிறார், சரியாய்ச் செய்யிறார்,” என்று எல்லாருக்கும் உறுதி கூறினார்.

“கடைசியாக உப்புக்கொத்தி,” என்றாள் யாழினி. “இதுவும் இலங்கையிலேயே முட்டை இடும். கூடு கிடையாது, வெறும் மணல்தான். நாயோ மனிதரோ கிட்ட வந்தால் தாய்ப்பறவை சிறகு முறிந்ததுபோல நடிக்கும். இழுத்து இழுத்துத் தூரமாகப் போகும். எதிரி அதைத் துரத்திப் போகும். குஞ்சுகள் தப்பிவிடும்.”

இதை எனக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பல தரம் சொல்லியிருக்கிறாள். அன்றுதான் ஒழுங்காகக் கேட்டேன். நான் உள்ளத்தைக் கொட்டி நடித்தேன். வலது கையைத் தொங்கவிட்டேன். காலை இழுத்தேன். முனகினேன். ஆனால் காலையிலிருந்து வெறும் வயிறு, உச்சி வெயில், இவ்வளவு ஓட்டம். பாதி நடிப்பில் கால் உண்மையாகவே மடிந்தது. அப்படியே பாறையில் சரிந்தேன்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அம்மாமார் கைதட்டவில்லை.

“மதோன்னா மியா! மயங்கிட்டார்!”

“நான் அப்பவே சொன்னனான், ஆள் ஒண்டும் சாப்பிடேல்லை!”

நான் “இல்லை, இது பறவை” என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. ஜூலியாவின் அம்மா பாய்ந்து வந்து, தப்பியிருந்த கடைசி அரன்சீனாவை அந்த வாய்க்குள் வைத்து அமத்தினார். ஒருவர் தலையைப் பிடித்தார், ஒருவர் தாடையைப் பிடித்தார். இரண்டு தரம் மென்று விழுங்கிய பிறகுதான் தெரிந்தது. உள்ளே இறைச்சி. புரட்டாசிச் சனி. ஏழரைச் சனி. காகம் இன்னும் சாப்பிடவில்லை.

மிச்சப் பாதி என் கையிலிருந்து நழுவி விழுந்தது. விளக்குக் கம்பத்திலிருந்து அரைக் காகம் அவசரப்படாமல் இறங்கி வந்தது. அதைக் கொத்திப் பார்த்தது. பிடித்திருந்தது. காகம் முதலில், நான் பிறகு என்பதுதான் முறை. அன்று நான் முதலில், காகம் பிறகு. (சனி பகவான் பெரிய மனது பண்ணியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எனக்குப் பெரிதாகக் கெட்டது ஒன்றும் நடக்கவில்லை. கெட்டது எல்லாம் அன்றே நடந்து முடிந்துவிட்டது என்பது பவானியின் விளக்கம்.)

திரும்பிப் போகும்போது பஸ்ஸில் யாழினியிடம் கெஞ்சினேன். “பிள்ளை, அம்மாட்டைச் சோத்துக் கதையைச் சொன்னாலும் பரவாயில்லை. இறைச்சிக் கதையைச் சொல்லாதை.”

“சத்தியமாய்ச் சொல்லமாட்டன் அப்பா.”

வீட்டுக் கதவு திறந்து இரண்டு நிமிடத்தில், நடித்தே காட்டினாள். என் முனகலைக்கூட விடவில்லை. பவானி கோபப்படத்தான் இருந்தாள். தாடையைப் பிடித்த கட்டம் வந்ததும் கதிரையில் இருந்து, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கடைசியாக ஒரு வாதம் வைத்துப் பார்த்தேன். “கடற்காகமும் காகம்தானே? பேரிலையே இருக்குது. அது முதல் சாப்பிட்டதுதானே?” அந்த வழக்கு இன்றுவரை புறா வழக்கோடு சேர்ந்து நிலுவையில் இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பேச்சு வந்துவிட்டது. நான் நல்லெண்ணத்தோடு எந்த வேலையில் தலையிடப் போனாலும், “அப்பா சோறு வைக்கப் போறார்,” என்பார்கள். தண்ணீர்க் குழாய் பழுது என்று நான் ஆயுதப் பெட்டியை எடுத்தால், பவானி, “இஞ்சேருங்கோ, சோறு வையாதேங்கோ, ஆளைக் கூப்பிடுவம்,” என்பாள்.

யாழினிக்கு இப்போது பதினான்கு வயது. பதினான்கு வயதுப் பிள்ளைகளின் உலகத்தில், தெருவில் அப்பா என்று ஒரு பொருள் இருக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். நண்பர்களோடு அவள் எதிரே வந்தால் நான் எதையாவது விலை கேட்பதுபோலத் திரும்பிவிட வேண்டும். இது சொல்லாமலே வந்த சட்டம். போன மாதம் கபோச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வரும்போது எதிரே ஒரு கூட்டம் வந்தது. ஜூலியா, அந்தப் பழைய வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர், நடுவில் யாழினி. நான் சட்டப்படி ஒலிவ்காய்க் கடைப் பக்கம் திரும்பி, ஒலிவ்காயை வாழ்க்கையில் முதல் தரம் காண்பவன்போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பிரோ பிரோ!”

ஜூலியாவின் குரல். சந்தை முழுக்கக் கேட்டது. கடைக்கண்ணால் பார்த்தேன். நடுத்தெருவில் எல்லாப் பிள்ளைகளும் கையைப் பின்னால் மடித்து, குனிந்து ஆட்டிக்கொண்டு நின்றார்கள். ஒலிவ்காய்க்காரர் வாயைப் பிளந்தார். ஐயோ, என் பிள்ளை வெட்கத்தில் செத்துப்போவாளே என்று அவளைத் தேடினேன்.

முன்வரிசையில் நின்றாள். புத்தகப் பை முதுகில் குதிக்க, மூன்று அடி ஓட்டம், ஒரு நிறுத்தம், நாலு ஆட்டு. எல்லாரிலும் வடிவாக ஆட்டியது அவள்தான். ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

நான் கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்தேன்.